நாய் பொம்மையின் காந்தங்கள்

கொடைக்கானல்,
நவம்பர் 1961

அன்புள்ள தம்பிக்கு,

விசாலி விழுங்கியது ஒரு காந்தமா, இரண்டா? எனக்குத் தெரியவில்லை. நீ தபாலில் அனுப்பிய கறுப்பு நாய், வெள்ளை நாய் பொம்மைகளுக்கு அடியில் ஒட்டியிருந்த இரண்டையுமே காணோம்.

பள்ளிக்கூடத்து ஆய்வகத்திலிருந்து திசைகாட்டியைக் கொண்டுவந்து அவள் வயிற்றருகே பிடித்தேன். முள் சட்டென்று திரும்பியது. எத்தனை என்று அது சொல்லவில்லை. விசாலிக்கு ஒரே சிரிப்பு. "உள்ள நாய் கொரைக்குதா அத்தை?" என்றாள்.

வீட்டு வேலைக்கு வரும் அன்னக்கொடிக்கு என் மேல் எரிச்சல். "காசை முழுங்குன புள்ளைக்கு மலைப்பழம் குடுத்தா வெள்ளனே விழுந்துருங்க. நீங்க படிச்சுப் படிச்சே பயந்து கெடக்கீங்க!"

ஒன்றென்றால் அவள் சொல்வதே நடக்கலாம். இரண்டென்றால், குடலின் வெவ்வேறு வளைவுகளிலிருந்து ஒன்றையொன்று இழுத்து, இடையில் அகப்பட்ட குடற்சுவரைத் துளைத்துவிடும். காகிதத்தின் இருபுறமும் காந்தங்கள் கவ்விக்கொள்வதை வகுப்பில் எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன்.

காலையில் முதல் பஸ்ஸில் மதுரைக்குக் கொண்டுபோகிறேன்.

அவள் அம்மா போனதிலிருந்து நீ இங்கே வருவதில்லை; தவறாமல் பொம்மைகள் மட்டும் அனுப்புகிறாய். அதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை.

மறுநாள், மதுரை.

எக்ஸ்ரேயில் இரண்டும் தெரிந்தன, நடுவில் மெல்லிய இடைவெளியோடு. அந்த இடைவெளியில் இருந்தது குடல். துளை விழுவதற்குள் டாக்டர் வயிற்றைத் திறந்து எடுத்துவிட்டார். மயக்கம் தெளிந்ததும் விசாலி உன்னைக் கேட்டாள். அப்பா புறப்பட்டாச்சு என்று சொல்லிவிட்டேன்.

அக்கா