இரண்டு பேர் விலையில் ஓர் அறை

ஸ்டோலிவ்,
மே 12

அன்புள்ள மகன் த்ரிபோவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் நலம். நீயும் நலம் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழி எனக்கு நீ வைக்கவில்லை. பக்கத்து வீட்டு நெவேனா இந்தத் தாளைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள். போன கடிதத்தை நீ பார்த்துவிட்டதாக நீல டிக் வந்தது என்று சொன்னாள். பார்த்தவன் பதில் எழுதினால் என்ன குறைந்துபோகும் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் "கரையில எறங்க விடமாட்டாங்கம்மா, லீவு இல்ல" என்ற அதே ஒரு வரியைத்தான் அனுப்புவாய்.

நேற்று நீ வேலை பார்க்கும் உல்லாசக் கப்பல் வந்தது. அந்தப் பத்து மாடி அசிங்கம் நம் வீட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டு ஜலசந்திக்குள் நுழைந்து கோட்டோர் துறைமுகத்துக்குப் போனது. துவைத்துப் போட்ட விரிப்பெல்லாம் கரிப்புகை. மேல்தளத்தில் சட்டையில்லாத ஒருவன் கொடியில் காயும் என் உள்பாவாடையைப் படம் எடுத்தான். நாற்பது வருஷம் இந்தக் கடலைப் பார்த்து எழுந்தவள் நான், இப்போது காலையில் ஜன்னலைத் திறக்கவே குமட்டுகிறது. அதன் வயிற்றுக்குள் எங்கோ, ஜன்னல் இல்லாத சமையலறையில், நீ வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாய். அதனால் நான் கை காட்டவில்லை.

உன் அப்பா வழக்கம்போல் படகில், கப்பலே திரும்பிப் போ என்று எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றார். கப்பல் அலையில் நம் சிப்பி வளர்க்கும் கயிறுகள் இன்னும் இரண்டு அறுந்துவிட்டன. நீ அந்தக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தபோது நகரசபைக் கூட்டத்தில் ஊர் முழுக்கக் கேட்க, "அந்தக் கப்பல்லேர்ந்து எறங்குற எவனும், அவன் என் பிள்ளையாவே இருந்தாலும், என் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று சொன்னாரே, அதை இன்றுவரை திரும்பப் பெறவில்லை. நீயும் அதைப் பைபிள் வசனம் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கிறாய். இரண்டு கழுதைகளும் பாலத்தின் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கின்றன, நான் இக்கரையில் நிற்கிறேன்.

ஆகையால் நான் ஒரு முடிவு செய்தேன். உன்னால் இறங்க முடியாவிட்டால் நான் ஏறுகிறேன். உன் கப்பலில் சீட்டு வாங்கிப் பயணியாக வருகிறேன். சமையல்காரனின் தாய் சமையல்காரனைப் பார்க்கக் கூடாது என்று சட்டமா இருக்கிறது?

உன் ஞானத்தகப்பன் கிர்ஸ்தோ இத்தனை வருஷமாகப் பயண ஏஜென்ட் கடை வைத்திருக்கும்போது வேறு எங்கே போவேன்? போன புதன்கிழமை பஸ் பிடித்துக் கோட்டோருக்குப் போனேன். காபி கொடுத்தார், அத்திப்பழ மிட்டாய் கொடுத்தார். கப்பல் பெயரைச் சொன்னதும் மனுஷன் முகம் வெளிறிவிட்டது. "அந்தக் கப்பல் வேணாம் யெலே. சாப்பாடு நல்லா இருக்காது. வேற கம்பெனிக் கப்பல் ஒண்ணு கிரேக்கத் தீவுக்கெல்லாம் போகுது, அதுல போ" என்றார். என் பிள்ளை சமைக்கிற சாப்பாடு நன்றாயிருக்காதாம். எனக்குப் புரியாதா? எந்தக் கம்பெனி கமிஷன் அதிகம் தருகிறதோ அந்தக் கப்பலைத்தான் தலையில் கட்டுவார்கள் என்று ஊருக்கே தெரியும். ஆனால் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது உன்னைக் கையில் ஏந்தி நின்றவர், என்னிடமும் அந்த வேலையைக் காட்டுவார் என்று நான் நினைக்கவில்லை. மிட்டாயைத் தட்டிலேயே துப்பிவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்து, "நேரா கம்பெனில வாங்குனா, நாளைக்கு ஒண்ணுன்னா உனக்காகப் பேச ஆள் இருக்காது" என்றார். "இப்ப நீங்க எனக்காகவா பேசறீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

நேரடியாக வாங்குவது இன்னொரு சாக்கடை. நெவேனா வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தோம். திறந்தவுடன் சிவப்பு எழுத்தில், இன்னும் இரண்டே அறைகள்தான் பாக்கி என்று கண் சிமிட்டுகிறது. நான் பதறினேன். நெவேனா சிரித்தாள். "அது பொய்யிக்கா. டூரிஸ்டுக்கு விடற என் ரூமுக்கும் நான் அப்படித்தான் போடுறேன்" என்றாள், கொஞ்சம்கூட வெட்கமில்லாமல். தண்ணீருக்குத் தனிக் காசு, இன்டர்நெட்டுக்குத் தனிக் காசு. பணியாளர்களுக்கு அன்பளிப்பு என்று தினமும் கட்டாயமாக ஒரு தொகை. பெற்ற பிள்ளைக்கு டிப்ஸ் வைக்கச் சொல்கிறான். கடைசியில், பயணத்தின் காரணம் என்ன என்று ஒரு கேள்வி. தேனிலவு, பிறந்தநாள், திருமண நாள், மூன்றில் ஒன்றைத்தான் தொடலாம். நெவேனா பிறந்தநாளைத் தொட்டாள்.

ஆலிவ் எண்ணெய் விற்ற காசில் கட்டிவிட்டேன். சலுகை விலையாம், ரத்து செய்தால் ஒரு சென்ட்கூடத் திரும்பாதாம். ஜூன் கடைசியில் இத்தாலி போய், ட்ரியெஸ்தேயில் ஏற வேண்டும். அங்கே உன் பெரியம்மாவைப் பார்க்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிக்கொள்வேன். நாலு நாடு தாண்டிப் போய் ஏறி, நம் வீட்டையே கடலிலிருந்து வேடிக்கை பார்க்கக் காசு கொடுக்கும் பைத்தியக்காரி இந்த வளைகுடாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உன் மேலதிகாரியிடம் இப்போதே சொல்லி வை. அரை மணி நேரம் விட்டால் போதும். நான் தொந்தரவு செய்யமாட்டேன். சரியாகச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
யெலே

—

ஸ்டோலிவ்,
ஜூன் 3

த்ரிபோ,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. இதை நெவேனா படம் பிடிக்கமாட்டாள். கிர்ஸ்தோவிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் கடையில், பின்னறையில், நீ வழக்கமாக உட்கார்கிற நாற்காலியிலேயே உட்கார்ந்து படி.

ஆமாம், தெரிந்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது கிர்ஸ்தோவின் மனைவி சோர்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நேரடியாகச் சீட்டு வாங்கிவிட்டேன் என்று நெவேனா வாயிலிருந்து அவள் காதுக்குப் போயிருக்கிறது. "காசக் கடல்ல கொட்டிட்டியே யெலே. அவன் எறங்கிட்டுத்தான் இருக்கான். கப்பல் வரப்பெல்லாம் எங்க கடைக்கு வரான். எங்கிட்டதான் சாப்பிடுறான். ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு இவருகிட்ட சத்தியம் வாங்கிட்டான்" என்று அழுதாள். அழுதது கோயில் வாசலில், அத்தனை பேர் நடுவில். சுவரைப் பிடித்துக்கொண்டேன். வெயில் என்று மற்றவர்களிடம் சொன்னேன்.

கிர்ஸ்தோ தலையைக் குனிந்துகொண்டு நின்றார். கமிஷனுக்காக அல்ல, அந்தக் கப்பலில் நான் ஏறி, நீ கோட்டோரில் இறங்கிப் போவதை என் கண்ணாலேயே பார்த்துவிடக் கூடாது என்றுதான் வேறு கப்பலைக் காட்டினாராம். தன் வியாபாரத்தைக் கெடுத்துக்கொண்டு எனக்கு நல்லது செய்தாராம். நல்லவர்தான். அந்த நல்லதை நினைத்தாலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இரண்டு வருஷமாக ஈஸ்டருக்கும் கிறிஸ்துமஸுக்கும் என் மேஜையில் உட்கார்ந்து என் பன்றித்தொடையை வெட்டித் தின்றுகொண்டே, "பையன்கிட்டேர்ந்து ஏதாச்சும் சேதி உண்டா?" என்று என்னிடமே கேட்டவர் அவர்.

உன்னைப் பற்றி என்ன எழுத? லீவு இல்லை என்று என்னிடம் பொய் சொன்னாய். கோட்டோரிலிருந்து நம் வீட்டுக்குப் பஸ்ஸில் ஒரு காபி ஆறுகிற நேரம். அந்தப் பஸ்ஸில்தான் நான் உனக்காகச் சீட்டு விசாரிக்க வந்தேன். அந்தப் பஸ்ஸில் ஒருநாளும் நீ ஏறவில்லை. அப்பா வராதே என்றார், சரி. அம்மா எப்போது சொன்னாள்? ஒரு போன் செய்து, "கோட்டோர் வா" என்றால் நான் செருப்பு போடாமல்கூட ஓடி வந்திருப்பேனே. அடுத்தவள் சோற்றுக்கு முன்னால் உட்கார உனக்கு எப்படி மனம் வந்தது என்று யோசித்து யோசித்து என் தலை வலிக்கிறது.

சீட்டை ரத்து செய்யலாம் என்று கம்பெனிக்குப் போன் போட்டோம். தேன் தடவிய ஒரு குரல், முடியாது என்பதை வேறு வேறு விதமாகச் சொன்னது. கிர்ஸ்தோவைக் கேட்டேன். தன் மூலம் வாங்கியிருந்தால் எப்படியாவது கெஞ்சி மாற்றியிருப்பாராம், நேரடியாக வாங்கியதில் ஏஜென்ட் கை வைக்க முடியாதாம். நான் அவரைத் திட்டிய வாயால் அவரிடமே கேட்டதுதான் மிச்சம்.

அன்று வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்து மறைத்து எனக்கே நாற்றம் தாங்கவில்லை. அவர் கொல்லையில் சிப்பிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். கயிற்றைக் கட்டி முடித்தார். அப்புறம் தலை நிமிராமல், "அங்க என்ன சாப்பிட்டானாம்?" என்று கேட்டார். சோர்கா அரிசியும் இறைச்சியும் அடைத்துச் செய்யும் குடைமிளகாய் என்றேன். அவள் அரிசிக்குள் இறைச்சியைத் தேடித்தான் எடுக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கயிற்றைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தச் சீட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தார். "ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு பேர் காசு?" என்றார். அறைக்கு இரண்டு கட்டில், தனியாகப் போகிறவர் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும், அதுதான் வழக்கமாம் என்றேன். அவ்வளவுதான், கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுத்தார். "திருட்டுப் பசங்க. கயித்தையும் அறுப்பானுங்க, காலிக் கட்டிலுக்குக் காசும் வாங்குவானுங்களா? என் காசு போட்ட கட்டில்ல நான் படுத்துட்டுப் போறேன். இன்னொரு பேரச் சேக்க முடியுமான்னு கேளு" என்றார். கம்பெனிக்கு மறுபடி போன் போட்டோம். முடியும் என்றது அந்தத் தேன் குரல். துறைமுக வரி மட்டும் கட்டினால் போதுமாம்.

நேற்று அவர் சவரம் செய்துகொண்டு, சாவுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கக் கோட்டோருக்குப் போனார். உன்னைப் பார்க்க வருவதாக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லமாட்டார். கட்டிலைப் பற்றித்தான் பேசுகிறார்.

உன் அப்பாவை எனக்குத் தெரியும். அவர் போய்விடுவார், த்ரிபோ. ட்ரியெஸ்தேயில் ஏறி, அந்தச் சட்டையில்லாத கூட்டத்தோடு நின்று, இந்த ஜலசந்திக்குள் வருவார். கீழே படகுகளில் நம் ஆட்கள் அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். எல்லோரும் அவரோடு கூட நின்றவர்கள். அவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவர் ஒளிந்துகொள்ளத் தெரியாத மனுஷன், முன்னால்தான் நிற்பார். அதன்பிறகு இந்த ஊரில் அவர் பேச்சுக்கு என்ன மதிப்பு இருக்கும் என்று நினைத்துப் பார். அதெல்லாம் தெரிந்துதான் அவர் படம் எடுக்கப் போனார்.

உங்கள் இரண்டு பேரின் வீம்பும் எனக்கு வெறுத்துப்போய்விட்டது. மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை, அவரைக் கேட்க வைப்பதாகவும் சொல்லவில்லை. எங்கள் பயணத்துக்கு முன்னால் உன் கப்பல் இன்னும் ஒரே ஒரு முறை கோட்டோருக்கு வரும், வியாழக்கிழமை. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எழுந்து வெளியே வா. பஸ் பிடித்து வீட்டுக்கு வா. கட்டின காசு போகட்டும், இரண்டு கட்டிலும் காலியாகவே போகட்டும்.

உனக்குப் பெயர் தந்த புனித த்ரிபுன் உன்னைக் காப்பாராக. உன் அப்பாவை அந்தக் கப்பலில் ஏற விடாதே, மகனே.

அம்மா