ஒற்றன் என்று சான்று கேட்டுச் சிறையிலிருந்து

அனுப்புநர்:
எனோக் மகன் பிபாமோன்,
தாள் வியாபாரி, மேற்குத் துறைமுகத் தெரு;
தற்சமயம் நகரச் சிறை, மேற்குக் கொட்டடி,
அலெக்சாந்திரியா.

பெறுநர்:
மாண்புமிகு எகிப்து ஆளுநர் அவர்கள்,
ஆளுநர் மாளிகை, அலெக்சாந்திரியா.

பொருள்: நான் அரசாங்கத்தின் ஒற்றன் என்பதை அரசாங்கமே நம்ப மறுப்பது – உரிய சான்று வழங்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன். பழைய தெய்வங்களை வணங்கும் தத்துவ ஆசிரியர் ஹோரியோனின் சீடன் என்று சொல்லி என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். வரும் வாரம் கல் உடைக்கும் சுரங்கத்துக்கு அனுப்பப் போகிறார்களாம். அவருடைய பள்ளியில் நான் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது உண்மை. உட்கார வைத்தது தங்கள் அலுவலகம்.

2. முந்தைய ஆளுநரின் செயலாளர் துல்கிதியஸ் என்னைத் தனியாக அழைத்துப் பின்வருமாறு உத்தரவிட்டார்: "சாமிங்களப் பத்திப் பாடம் நடத்தக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அந்த ஆளு வெளிக்கூடத்துல முக்கோணம், வட்டம்னு எதையோ நடத்துறாரு. உள்ளறைல கதவச் சாத்திக்கிட்டு என்ன சொல்றாருன்னு எனக்குத் தெரியணும். நீ நாலெழுத்துப் படிச்சவன், போய்ச் சேந்துக்க." ரகசிய வேலை என்பதால் எழுத்தில் எதுவும் தரவில்லை. பிறகு அவர் காய்ச்சலில் காலமானார். என்னை ஒற்றன் என்று அறிந்த அதிகாரி வேறு எவரும் இல்லை.

3. அங்கே சேருகிறவர்கள் இறைச்சி தொடுவதில்லை. மொச்சையும் தொடுவதில்லை. காலையில் கிழக்கே பார்த்துச் சூரியனை வணங்குவார்கள். கடமைக்காக நானும் அப்படியே நடந்தேன். இறைச்சியை விட்டது பெரிய காரியமில்லை, ஐயா. மூன்று வேளையும் மொச்சை வேகும் இந்த ஊரில் மொச்சையை விட்டுவிட்டு நடமாடுவது எவ்வளவு சிரமம் என்று தங்கள் சமையற்காரரைக் கேட்டால் சொல்வார்.

4. உள்ளறைக்குள் என்னை நெடுநாள் விடவில்லை. உள்ளே போய் வருகிறவர்கள் வாயைத் திறப்பதில்லை. மூன்றாம் குளிர்காலத்தில்தான் ஆசிரியரே கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். "ஒன்ன யாரு அனுப்புனாங்கன்னு மொத நாளே தெரியும்பா. மத்தவனெல்லாம் சந்தேகம் கேட்டு உசுர வாங்குவான். நீ ஒருத்தன்தான் எல்லாத்துக்கும் தலையாட்டுன. இப்பக் கொஞ்ச நாளா நீயும் கேள்வி கேக்குற. உள்ள வா." வெளியில் பேசமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். ஒற்றனின் சத்தியம் பொய்ச் சத்தியம்தான் என்ற தைரியத்தில் நானும் செய்து கொடுத்தேன்.

5. சென்ற மாதம் பள்ளியைச் சோதனையிட்டு ஆசிரியரையும் என்னையும் ஒரே கொட்டடியில் அடைத்தார்கள். விசாரணை அதிகாரி என் முன்னால் பன்றி இறைச்சியும் மொச்சையும் வைத்து, "கிறிஸ்தவன்தான? தின்னு பாப்போம்" என்றார். தின்றேன். மூன்று ஆண்டுகள் பழக்கம் விட்டுப்போன வயிறு, அவருடைய செருப்பின் மேலேயே எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தது. அதையே சாட்சியமாகப் பதிவு செய்திருக்கிறார்கள்.

6. என் மனைவி தாயேசிஸை அழைத்து விசாரித்தார்கள். அவள் பொய் சொல்லத் தெரியாதவள். "வேலைக்காகத்தான் அப்படி இருக்கேன்னு சொல்லுவாரு சாமி. ஆனா ஊருக்குப் போன எடத்துல, யாருமே பாக்காதப்பவும் விடியக்காலைல எந்திரிச்சு கெழக்க பாத்து நின்னாரு. அது எந்த வேலைன்னு எனக்குத் தெரியல" என்று சொல்லியிருக்கிறாள். அவள் மீது எனக்கு வருத்தமில்லை. நான் அப்படி நின்றதை அவள் சொல்லித்தான் நானே யோசித்தேன்.

7. மனைவியைத் தவிர, என்னை ஒற்றன் என்று அறிந்தவர் உயிரோடிருப்பவர்களில் ஆசிரியர் ஒருவர்தான். எனக்காக ஒரு வார்த்தை சொல்லும்படி அவர் காலைப் பிடித்தேன். அவர் பதில்: "உள்ள வந்தவங்களப் பத்தி வெளில பேசுறதில்லன்னு ஒனக்கே தெரியுமே. நீ வெளியாளாவே இருந்திருந்தா இந்நேரம் சொல்லியிருப்பேன்." சொல்லிவிட்டுத் தன் பங்கு ரொட்டியில் பாதியை என் பக்கம் தள்ளிவைத்தார்.

8. விசாரணை அதிகாரி இறுதியாக ஒரு வழி காட்டினார். "உள்ளறைல அவரு என்ன சொன்னாருன்னு எழுதிக் குடு. நீ ஒற்றன்னு நானே முத்திரை வச்சுத் தர்றேன். வீட்டுக்குப் போ." நியாயமான பேச்சு. என் மனைவி கடையிலிருந்து நல்ல தாளாகவே கொடுத்தனுப்பினாள். எழுத உட்கார்ந்தேன். அறையின் அளவு, விளக்கு இருந்த இடம், கதவுத் தாழ்ப்பாள் உட்புறமாக இருந்தது, எல்லாம் வந்தது. அவர் சொன்னது மட்டும் வரவில்லை. மறந்துவிட்டது என்று எழுதினால் தாங்கள் நம்பமாட்டீர்கள். மறக்கவில்லை, ஐயா. என் வாழ்நாளில் எனக்கென்று யாரும் நம்பிக் கொடுத்தது அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. எழுதாமல் மிஞ்சிய தாளில்தான் இந்த மனுவை எழுதுகிறேன்.

9. ஆகவே, மேற்படி அறிக்கை இல்லாமலேயே என்னை அரசாங்க ஒற்றன் என்று ஏற்றுச் சான்று வழங்கி விடுவிக்க வேண்டுகிறேன். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றால், எனக்கு இட்ட உளவு வேலை இன்னும் முடியவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஆசிரியர் இன்னும் பாடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். எனவே சுரங்கத்துக்கானாலும் எங்கள் இருவரையும் சேர்த்தே அனுப்புமாறும், அதுவரை கிழக்கே ஜன்னல் வைத்த கொட்டடி ஒன்று காலியாக இருப்பதாகக் காவலர் சொல்வதால், எங்களை அங்கே மாற்றுமாறும், கடமை தவறாத ஒற்றன் என்ற முறையில் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: நகரச் சிறை, அலெக்சாந்திரியா
நாள்: பர்மூத்தி மாதம், நான்காம் நாள்

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) எனோக் மகன் பிபாமோன்

இணைப்பு: உள்ளறைப் பாடம் குறித்த அறிக்கை – இணைக்கப்படவில்லை.