நீ போன நேரம்

நேற்று பொன்னேரியில் மருந்துக்கடைக்காரர் புது வருடத்துத் தினசரிக் காலண்டர் ஒன்றைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். பேருந்தில் வரும்போது விரித்தேன். புதுத்தாளும் பசையும் கலந்த வாசனை. முன்பெல்லாம் காலண்டர் கிடைத்தால் சிவப்பு எழுத்தில் இருக்கும் விடுமுறை நாட்களைத்தான் முதலில் தேடுவேன். இப்போது கண் நேராக அடியில் இருக்கும் பொடி எழுத்துக்குப் போகிறது. திருவோணம் எந்த நாளில் எத்தனை மணி வரை, அவிட்டம் எப்போது தொடங்குகிறது என்று தாள் தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "இன்னா தம்பி, வூட்ல விசேசமா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உனக்கு எழுதுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். செத்தவர்கள் எதையும் படிப்பதில்லை. ஆனால் நம் இருவருக்குள் ஒரு சண்டை முடியாமல் நிற்கிறது. நேரம் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா, மனிதன் தன் வசதிக்குச் செய்துகொண்டதா என்ற சண்டை. நீ பாதியில் எழுந்து போய்விட்டாய்.

நான் அக்கரையில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்த புதிது. தீவிலிருந்து போகிற படகு ஒருநாள் தாமதமாகிவிட்டது. வாசலில் கட்டைவிரலை வைத்தால் மெஷின் ஏற்கவில்லை. காவலாளி திருப்பி அனுப்பிவிட்டான். திட்டிக்கொண்டே கரைக்கு வந்தேன். நீ வலையிலிருந்து நண்டைப் பிரித்துக்கொண்டிருந்தாய்.

"இன்னாடா, மூஞ்சி தொங்குது?"

சொன்னேன். நீ சிரித்தாய். "நேரம்னு ஒன்னு கெடயாதுடா. அது அவன் கட்டுன வேலி. நீ போய் அதுல முட்டிக்கினு ரத்தம் வருதுன்ற."

"ரத்தம் வருதுல்ல? அப்போ வேலி நெஜந்தான?"

"வேலி நெஜந்தான்டா மடையா. அவன் கட்றதுக்கு முன்னாடி அது இருந்துச்சான்னுதான் கேக்குறேன்."

உனக்கு இந்த எண்ணம் நம் தீவைச் சுற்றியிருக்கும் ஏரியிலிருந்து வந்தது. வலை போடும் இடங்களை நம் ஊர் முறை வைத்துப் பிரித்திருக்கிறது. பாடு என்கிறோம். இன்று உன் பாடு, நாளை வேறொருவன் பாடு. உன் முறை இல்லாத நாளில் அந்த இடத்தில் மீன் துள்ளி விழுந்தாலும் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். "திங்கக்கெழமைன்னு தண்ணில எங்கனா எழுதிகீதா? ஊரு குந்திப் பிரிச்சிது. பிரிக்கிற வரிக்கும் அது வெறும் தண்ணி. நேரமும் அந்த மாதிரிதான்" என்பாய்.

எனக்குக் கோபம் வந்தது. "எறாலக் கையால தடவிப் புடிக்கிறாங்களே, கழுத்து வரிக்கும் தண்ணில, பறிக்கூடயப் பல்லால கடிச்சிக்கினு. அவங்களுக்கு ஊரு எந்தக் கெழமையக் குடுத்துச்சி?" என்றேன். எல்லாவற்றையும் மனிதன்தான் பிரித்தான் என்று பேசிவிட்டு, பிரித்தவன் யார், விடுபட்டவன் யார் என்று கேட்காமல் விடுவது வசதியுள்ளவன் பேச்சு என்றும் சொன்னேன். நீ கோபத்தில் வலையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாய். பிறகு அந்தக் கேள்வியை நீயே ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டாய். வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, "கேள்வி உன்னுது, செருப்படி என்னுது. நல்லா கீதுடா இந்தப் பிரிவின" என்றாய். உன்னை எனக்குப் பிடித்ததற்கு இதுதான் காரணம்.

உன் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? சரளா வீட்டார் தோணிரேவிலிருந்து வந்த படகு காற்றில் மாட்டிக்கொண்டது. உன் தாய்மாமா போனைப் பார்ப்பதும் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதுமாகக் கோயில் வாசலில் குதித்துக்கொண்டிருந்தார். முகூர்த்தம் முடிகிறது, இன்றைக்கு வேண்டாம் என்றார். நீ மாப்பிள்ளைக் கோலத்தில் எழுந்து வந்து அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கி உன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாய். "நேரம் இப்போ என் ஜோபில கீது மாமா. நீ பேசாம குந்து." கூட்டம் முழுக்கச் சிரித்தது. சரளா ஈரப் புடவையோடு படகிலிருந்து இறங்கி வரும்போது எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் சிரித்தாள்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

வைகாசி வெயில். கடல்நீர் வரும் முகத்துவாரம் மணல் மூடிப் பாதியாகியிருந்தது. ஏரியில் தண்ணீர் இல்லை. காலையில் சாப்பிட உட்கார்ந்த நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாய். நானும் படகுக்காரர் சேகர் அண்ணனும் உன்னைத் தூக்கிப் போய்ப் படகில் கிடத்தினோம். சரளா குழந்தையோடு ஏற வந்தாள். "தண்ணி கம்மிம்மா. நீயும் ஏறுனா தர தட்டும். அடுத்த போட்ல வந்துரு" என்றார் சேகர் அண்ணன். முழங்கால் தண்ணீரில் இடுப்பில் பிள்ளையோடு அவள் நின்றுவிட்டாள்.

உன் தலை என் மடியில் இருந்தது. கண் திறந்திருந்தாய். பேசவில்லை. அக்கரையில் ஆம்புலன்ஸ் நிற்பது தெரிந்தது. ஓட்டுநர் கீழே இறங்கி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பாதி வழியில் படகு தரை தட்டியது. எங்கே தெரியுமா? பாலத்துக்கென்று நட்டுவிட்டுப் போன தூண்களுக்குப் பக்கத்தில். வேலை முடிய வேண்டிய நாளை எழுதிய பலகை இன்னும் அங்கே நிற்கிறது. அந்த நாள் எப்போதோ போய்விட்டது. அதற்காக யாரையும் யாரும் வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பவில்லை. வேலி நமக்கு மட்டும்தான்.

உன் தலைக்குக் கீழே வலையைச் சுருட்டி வைத்துவிட்டு நான் இறங்கினேன். தொடை வரை சேறு. சேகர் அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தோளைக் கொடுத்துத் தள்ளினோம். படகு நகரவில்லை. அப்போது சரளா போன் செய்தாள். ஸ்பீக்கரைப் போட்டு, கையை உயர்த்திப் படகுக்குள் உன் காதருகில் வைத்தேன். "பேசு சரளா, கேக்குறான்" என்று கத்திவிட்டு மறுபடி குனிந்து தள்ளினேன். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். என் முகம் படகின் பக்கப் பலகையோடு ஒட்டியிருந்தது. பலகைக்கு அந்தப் பக்கம் நீ. படகு சேற்றை விட்டுக் கிளம்பியதும் தாவி ஏறினேன். நீ இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் கண்ணை விரித்துப் பார்த்தார். வரும்போதே உயிர் இல்லை என்றார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, அந்த நேரத்தையே நீ இறந்த நேரமாகச் சொன்னார்.

சாயங்காலம் தண்ணீர் ஏறியிருந்தது. உன்னைத் திரும்பக் கொண்டுவந்தபோது அதே தூண்களை ஒரு தடங்கலும் இல்லாமல் தாண்டினோம். சேகர் அண்ணன் கழியைக் கீழே போட்டுவிட்டு ஓவென்று அழுதார்.

வீட்டில் உன் மாமா பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருந்தார். திருவோணத்தில் போயிருந்தால் பாதகமில்லை. அவிட்டம் பிறந்த பிறகு என்றால் அடைப்பு. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆறு மாசம் வூட்ட மூடணும். யாரும் உள்ள இருக்கக்கூடாது. பொணத்த வாசப்படி வழியா எடுக்கக்கூடாது, பின்செவுத்த ஒடச்சித்தான் எடுக்கணும். இல்லாங்காட்டி இன்னொரு உசுரக் கேக்கும்." அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். யாரோ அதற்குள் கடப்பாரை கொண்டுவந்து சுவரில் சாய்த்துவிட்டார்கள்.

உன் வீடு ஒரே அறை. அதை மூடினால் சரளாவும் பிள்ளையும் உன் அம்மாவும் எங்கே போவார்கள்? தோணிரேவில் அவள் அண்ணன் குடும்பமே தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. நடுவில் மழைக்காலம் வேறு வரும். உடைத்த சுவரை யார் கட்டித் தருவார்கள்? இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை. டாக்டர் சொன்ன நேரப்படி அவிட்டம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே உயிர் போய்விட்டதே என்று ஒருவர் இழுத்தார். மாமா கணக்குப் போட்டார். சேற்றில் மாட்டுவதற்கு முன்பே போயிருந்தால் திருவோணம். மாட்டிய பிறகு என்றால் அவிட்டம்.

உன் அம்மா என் எதிரே வந்து நின்றார். "நீதானடா கூட இருந்த. எப்போடா போச்சி எம்புள்ள உசுரு?"

அந்தக் கண்ணில் கெஞ்சல் இல்லை. அவருக்கு உண்மைதான் வேண்டும். பேத்திக்காகப் பயப்படுகிறவர் பொய்யைக் கேட்க மாட்டார்.

"சேத்துல மாட்றதுக்கு முன்னாடியே பூட்டான்மா," என்றேன்.

சரளா சட்டென்று தலையைத் தூக்கினாள். அவள் பேசியது சேற்றில் மாட்டிய பிறகு. கேட்கிறான் என்று கத்தியவன் நான். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் போதும், சுவர் உடைந்திருக்கும். கடப்பாரையைப் பார்த்தாள். பாயில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமா சந்தேகத்தோடு திரும்பினார். "இன்னா சேகரு? நீ இன்னா சொல்ற?"

சேகர் அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார். "தல அவன் மடிலதான மாமா இருந்துச்சி. அவனுக்குத் தெரியாதா?"

நீ வாசல் வழியாகவே போனாய்.

இதில் எனக்கு வெட்கமில்லை. டாக்டர் சொன்னது அவர் உன்னைப் பார்த்த நேரம், நீ போன நேரமில்லை. பஞ்சாங்கம் எழுதியவன் ஒரு கோடு போட்டான். நான் உன்னைத் தூக்கிக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்தேன். அவ்வளவுதான். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, நீ ஜெயித்துவிட்டாய், நேரம் நாம் செய்வதுதான், இன்று நானே ஒன்றைச் செய்தேன் என்று உன்னிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன்.

காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு சரளா அடிபம்பில் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் அடித்துக்கொடுத்தேன். என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"நான் போன்ல பேசுனனேண்ணா. யார்கிட்ட பேசுனேன்?"

"அவன்கிட்டத்தான்."

"அப்போ உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சி. கேட்டான்."

"ஊருக்கு வேற சொன்ன."

"ஊரு வேற, சரளா."

அண்டாவைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்தாள். கோபமே இல்லை அவள் முகத்தில். "வூட்டுக்காக ஊருக்கு ஒன்னு சொன்ன. இப்போ எனக்காக ஒன்னு சொல்ற. நல்ல மனசுதாண்ணா உனக்கு. ஆனா இனிமே நீ இன்னா சொன்னாலும் நான் எப்டி நம்புறது?"

தண்ணீர் அடிப்பதை நிறுத்திவிட்டேன். உண்மை என்னவென்றால், எனக்குத் தெரியாது. உன் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நான் பார்க்கவில்லை. தள்ளிக்கொண்டிருந்தேன்.

நீ தோற்றாய்டா. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மணி, கிழமை, நட்சத்திரம், பாடு எல்லாவற்றையும் நாம் செய்தோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படகுப் பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு நேரம் வந்தது. அதை யாரும் பிரித்துத் தரவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. அதற்கு முன் நீ இருந்தாய், பின் இல்லை. அவள் பேச்சு அதற்கு முன்னால் விழுந்ததா, பின்னால் விழுந்ததா என்பதில்தான் அவள் மிச்ச வாழ்நாள் முழுக்க நிற்கப்போகிறது. இல்லாத ஒன்று ஒருத்தியை இப்படி வதைக்குமா? நான் இரண்டு நேரங்களைச் செய்து கொடுத்தேன். ஒன்று அவளுக்கு வீட்டைக் காப்பாற்றித் தந்தது. இன்னொன்று அவளுக்கு எதற்கும் உதவவில்லை. நிஜமான நேரத்தை நீ எடுத்துக்கொண்டு போய்விட்டாய். எந்த மாமா கையிலிருந்தும் நான் அதைப் பிடுங்க முடியாது.

அவள் அன்று பேசியதை முழுதாகக் கேட்டவன் நான்தான். அது உனக்குச் சேர வேண்டியது. சேர்ந்ததா என்று தெரியாமல் நான் சுமந்துகொண்டு அலைகிறேன். வேலையில் நிற்கும்போது கேட்கிறது, படகில் உட்கார்ந்தால் கேட்கிறது. ஒருவேளை அன்று நீ கேட்கவில்லையென்றால், அவள் சொன்னது இது:

"யோவ், கண்ண மூடாத. பாப்பா அழுவல, நைனா எங்கன்னு கேட்டுக்கினே கீறா. நீ பயந்துக்காத, டாக்டரு கைல காட்டுனா சரியாயிடும். நான் சட்டையும் கைலியும் எடுத்து வெச்சிட்டேன். அடுத்த போட்டு வந்துட்ச்சி, ஏறப்போறேன். நான் வர வரிக்கும் இரு. இன்னா, கேக்குதா? இரு."