கருங்கழி மணலுக்கு வரும் பீடம்

ஆழிமலை ஆள்பவரும் ஏழு துறைகளின் காவலருமான கோவேந்தர் வயவரையர் ஆணை தாங்கி, கல்வி அமைச்சன் அளத்தூர்க் கீரன், கருங்கழி உப்பளப் பள்ளியின் ஆசிரியர் நல்லாத்தியார்க்கு விடுக்கும் ஓலை. உழுநிலத்தில் மழையும் உம் உப்பளத்தில் வெயிலும் தவறாதிருக்க, பாத்தி விளைய, பிள்ளைகள் பாதம் புண்ணின்றி இருக்க.

வேந்தர் தரும் பீடத்தை நீர் மறுத்துச் சொல்லியனுப்பிய சொல் வந்து சேர்ந்தது. பீடத்தில் ஏறினால் பிள்ளையின் உச்சந்தலை தெரியும், எழுதும் விரல் தெரியாது என்றும், உயரத்தில் உட்கார ஆசையுள்ளவர் அரண்மனையில் ஏராளம் இருக்க என்னை ஏன் தூக்கி வைக்கிறீர் என்றும் நீர் கேட்டதாகத் தூதன் சொன்னான். சொல்லும்போது அவன் சிரித்தான். அவையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

எண்ணியது நல்லதுதான். நாட்டின் பிரிவான ஒவ்வொரு கூற்றத்திலும் நன்றாகக் கற்பிக்கும் ஒருவரைத் தலையாசிரியராக்கி, சுற்றுப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அவரிடம் வந்து பார்த்துப் பழகினால் பிள்ளைகள் தேறுவர் என்றே வேந்தர் ஆணையிட்டார். ஆணையோடு அன்பும் சேர்ந்தது, அதுதான் கெடுத்தது. தலையாசிரியர் ஒவ்வொருவருக்கும் முத்திரைப் பீடம் ஒன்று பரிசளித்தார். அரச பீடம் பெற்றவர் அதன்பின் ஊரறியத் தரையில் அமரலாகாது என்பதும், அவர் அமர்ந்த உயரத்தில் பிறர் அமரலாகாது என்பதும் இந்நாட்டு வழக்கம். நம் பிள்ளைகளோ மணலில் எழுதிக் கற்பவர்கள்.

விளைவை மலையடிக் கூற்றத்தில் நானே கண்டேன். பேர்பெற்ற ஆசிரியர் ஒருவர் பீடத்தின்மேல் இருந்தார். கீழே பிள்ளைகள் பாடத்தைப் பாட்டாகச் சொன்னார்கள். புது ஓலை ஒன்றை நீட்டினேன். ஒரு பிள்ளைக்கும் படிக்க வரவில்லை. இறங்கி ஓர் எழுத்தைத் திருத்தக் கை துடிக்கிறது, இறங்கினால் தண்டனை யாருக்கு என்று அவர் மெல்லக் கேட்டார். உமக்கே என்றேன். பீடத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். அவரிடம் பழக வந்த ஆசிரியர்கள், கையைக் கட்டிக்கொண்டு இருக்கத்தான் பழகிப் போனார்கள்.

புது ஓலையைப் படித்துக் காட்டும் பிள்ளைக்கே உப்பள வேலையிலிருந்து விடுதலை என்பது சட்டம். அந்தச் சட்டத்தின் இடுக்கு வழியே வெளியே வந்தவன் நான். உவர்நீரில் ஊறிய குதிகால் வெடிப்பு அமைச்சன் ஆனபின்னும் ஆறவில்லை. ஆகையால் அவையில் எழுந்து, பீடம் வேண்டாம், அன்றேல் மணலையாவது பீடத்தின் உயரத்துக்கு மேடாக்க விடுக, மண் சுமக்க எனக்குத் தெரியும் என்று வேண்டினேன். அளத்துப் பிள்ளைகளை அரச பீடத்துக்குச் சமமாக உட்கார வைக்கச் சொல்கிறான், அளத்துக்காரன் புத்தி அளத்தைத் தாண்டவில்லை என்று சேனாபதியார் பகர்ந்தார். வேந்தர் கோபிக்கவில்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்கினால் கொடுத்த கை என்னாவது என்று வருத்தத்தோடு கேட்டார். கோபித்திருந்தால் வாதாடியிருப்பேன்.

பீடத்தை மறுக்கும் பள்ளியை மூடுக என்பது முடிவு. மூடினால் உம் பிள்ளைகள் அனைவரும் பாத்திக்கே போவர். ஏற்றால், கற்பிக்க ஆளிருந்தும் அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருப்பீர். இரண்டில் எது குறைந்த கேடு என்று எனக்கு விளங்கவில்லை. மூடிய பள்ளி திறந்ததை நான் கண்டதில்லை. அதனால் மட்டுமே ஏற்கச் சொல்கிறேன்.

ஆகவே ஆணை. பீடம் வந்து இறங்கும் நாளில் நீர் அதன்மேல் அமர்க. அதுவரை தரை உம்முடையது. மணற்குடி, பாலவாய்ப் பள்ளிகளின் ஆசிரியர்கள் உடனே உம்மிடம் வந்து, உமக்கருகே மணலில் முட்டிபோட்டு, நீர் பிள்ளையின் விரலைப் பிடிக்கும் விதத்தைக் கண்டு, தாமும் பிடித்துப் பழகுக. அவர்களுக்குத் தனி ஓலை போகிறது. அவர்களுக்கு எந்தப் பட்டமும் பரிசும் வாராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

பீடம் ஏற்றிய வண்டி நேற்றுப் புறப்பட்டது. கிழட்டு எருதுகளாகப் பார்த்துப் பூட்டச் சொன்னேன். இம்முத்திரையால் ஆகக்கூடியது அவ்வளவே.

நண்டு இலச்சினை இட்டு, கீரன் கையெழுத்து. கிழடானாலும் எருது நடந்துகொண்டுதான் இருக்கிறது; விரைக.