மெத்தூசலாவுக்குச் சூடு வேண்டும்

1957 நவம்பர் 9, சனி

இவர் தங்கச் சுரங்கத்தில் ஷிஃப்ட் முடிந்து கூண்டோடு வந்து நிற்கிறார். உள்ளே பச்சையாக, முதுகில் முள்வரிசையோடு, வாலும் சேர்த்து இரண்டு முழத்துக்கு ஒரு ஜந்து. சீமைக்குத் திரும்புகிற துரை, கூண்டு செய்துகொடுத்த டிம்பர்மேன் ஏனோக்குக்கே, அதாவது சுரங்கத்தில் மரமுட்டு அடிக்கும் என் வீட்டுக்காரருக்கே, அதைக் கொடுத்துவிட்டாராம். தென் அமெரிக்காவாம், இகுவானாவாம். என் கண்ணுக்கு உடும்பு. கழுத்துத் தொங்கலைப் பார்த்து, வேதாகமத்தில் தொள்ளாயிரம் வயசைத் தாண்டிய கிழவர் பெயரில், மெத்தூசலா என்று கூப்பிட்டேன். அது என் தப்பு. பெயர் வைத்தபின் எப்படித் துரத்துவது?

நவம்பர் 16

ஒரு வாரமாக முட்டை உடைத்து வைக்கிறேன். உடும்புக்கு முட்டை என்றால் உயிராயிற்றே. இது மோந்துகூடப் பார்க்கவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

கூண்டை வேலியோரம் வெயிலில் வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். வந்து பார்த்தால், கூண்டுக்குள் நீண்டிருந்த செம்பருத்திக் கிளை மொட்டை. பூவும் இல்லை, இலையும் இல்லை. சுத்த சைவம்! ஆண்டர்சன்பேட்டையிலேயே கறி தொடாத கிறிஸ்தவன் இவன் ஒருவன்தான்.

டிசம்பர் 3

இவருக்கு இருமல் அதிகம். சுரங்கத்துக் கல்தூசி. என் தம்பி ஜெயகரன் வந்து கூண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். “அக்கா, உடும்புக்கறி நெஞ்சுக்குக் கைகண்ட மருந்து. மாரிகுப்பத்துல ஒருத்தரு துன்னுட்டு எழுந்து நடக்கறாரு. நீ இன்னான்னா பூ போட்டு வளக்கற.”

அவனை டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் சட்டி எங்கே என்று மனசு தேடியது. எழுதத்தான் வேண்டும் — தேடியது. இவர் மூச்சு சீராகும் என்றால் நான் எதைத்தான் அறுக்க மாட்டேன்?

டிசம்பர் 4

இவரிடம் சொல்லிவிட்டேன். சிரித்தார், சிரிப்பு இருமலானது. “அது உடும்பே இல்ல ஐடா. கறியே துன்னாதத கறியாக்கி இன்னா வரப்போவுது?” எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டரிடம் போங்கள், தரைக்கு மேலே வேலை கேளுங்கள் என்றால் மட்டும் ஊமை. தனக்கென்று யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார்.

டிசம்பர் 19

கடும் பனி. மெத்தூசலா கறுத்து விறைத்துக் கிடந்தான். செத்துவிட்டான் என்றே நினைத்தேன். இவர் சாக்கில் சுற்றி, சுரங்கத்துக்குக் காற்று அடிக்கும் கம்ப்ரஸர் ஹவுஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கே இரவும் பகலும் இயந்திரச் சூடு. ஃபோர்மேன் எட்மண்டிடம் கெஞ்சி, ஓர் ஓரத்தில் இடம் வாங்கிவிட்டாராம்.

கெஞ்சினாராம்! பல்லிக்கு.

டிசம்பர் 21

பிழைத்தான். திட்டித் தீர்த்த எட்மண்டே பப்பாளி ஊட்டுகிறாராம்.

1958 ஜனவரி 11

தினமும் ஷிஃப்டுக்கு முன் கூண்டை அங்கே விடுவதும், முடிந்ததும் எடுத்துவருவதும்தான் இவர் வேலை. இன்று எட்மண்ட் வழிமறித்துக் கேட்டாராம்: “இதுக்குக் குளுருதுன்னு தூக்கினு வர்றியே ஏனோக், இந்த மூச்ச வச்சிக்கினு நீ எப்படிய்யா கீழ எறங்கற?” இவர் கூண்டைக் கீழே வைத்துவிட்டு இருமினாராம். தன் ஹவுஸில் இயந்திரத்துக்கு ஆயில் போட இவரைத் தர வேண்டும் என்று எட்மண்டே ஆபீசுக்கு எழுதியிருக்கிறார்.

கர்த்தரே.

ஜனவரி 12

செம்பருத்திக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கேஜில் சுரங்கத்துக்குள் இறங்குவதை விட்டு, ஆயில் போடும் வேலைக்கு மாறி இவருக்கு மூன்று வாரம் ஆகிறது. இருமல் போய்விடவில்லை. ஆனால் இன்று கோயில் மேட்டை நிற்காமல் ஏறினார், பாட்டும் பாடினார்.

பின்னாலேயே வந்த ஜெயகரன் என் காதோரம் குனிந்தான். “மாமா மூச்சு தேவலையே. கறி போட்டியாக்கா?”

“ஆமாண்டா, எல்லாம் அந்த உடும்புதான்” என்றேன்.

வீட்டுக்கு வந்தவன் வேலியோரம் பூ தின்றுகொண்டிருந்த மெத்தூசலாவைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தான். நான் சோறு போடப் போய்விட்டேன்.