சயின்ஸ் பில்டிங்குக்குத் தகடு அடித்தார்கள்

மார்ச் 3, 2025, திங்கள்
யூனிவர்சிட்டி சயின்ஸ் பில்டிங்கை நான் பெருக்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம். 1956இல் கட்டியது. சுவர் முழுக்கத் தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாகச் சிமெண்ட் ஜாலி. காற்று வரும், வெயில் வராது. ஃபேன் இல்லாமலே லேப் நடக்கும். 21ஆம் தேதி மெட்ராஸிலிருந்து கமிட்டி வருகிறதாம். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடம் என்று எழுதிக் கொடுத்தால் நிற்கும். இல்லையென்றால் இடித்துவிட்டு ஆறு மாடி. அதைப் பெருக்க ஏஜென்சி ஆள். நாங்கள் ஏழு பேரும் வீட்டுக்கு.

மார்ச் 8
"கமிட்டி வர்றப்போ பில்டிங் பளபளன்னு இருக்கணும்" என்றாராம் எஸ்டேட் ஆபீசர் வசந்த்குமார் சார். ஜாலி மேல் வெள்ளி நிறத் தகடு அடிக்கிறார்கள். மொசைக் தரை மேல் வழுக்குகிற டைல்ஸ். பசை நாற்றம் வேற. பழசைப் பாக்கத்தானே கமிட்டி வருது? இந்த ஆளுக்கு மூள எங்க கீது? உத்திரமேரூர் கோயில் கல்வெட்டு மேலயும் டைல்ஸ் ஒட்டுவாரா?
கேட்டே விட்டேன். "நீ போய் தொடப்பத்தப் புடிம்மா" என்றார். லெந்து நோன்பு நாளில் திட்டக் கூடாதுன்னு அடக்கிக்கினேன்.

மார்ச் 12
காற்று நின்றுபோச்சு. கெமிஸ்ட்ரி லேபில் ஆசிட் வாடை. என்னோடு வேலை செய்கிற இளமதி வாந்தி எடுத்தாள். அதையும் நான்தான் கழுவினேன். த்தூ.

மார்ச் 21
கமிட்டி அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, "ஐம்பத்தாறுல கட்டினது எங்க சார்?" என்றார்.
"இதான் மேடம். ஃபுல்லா புதுசா மாத்திட்டோம்." சாருக்குப் பல் முப்பத்திரண்டும் தெரிந்தது.
அந்தம்மா நோட்டை மூடினார். "தொடாத எடம் ஏதாச்சும் இருக்கா?"
என் வாய் சும்மா இருக்குமா?
"பின்னால எங்க கக்கூசு கீதும்மா. பெருக்குறவங்களுக்குத்தானேன்னு அத்த மட்டும் வுட்டுட்டாங்க."
சார் மூஞ்சி செத்துப்போச்சு. அந்தம்மா அங்கே அரைமணி நேரம் நின்று ஜாலி, மொசைக், வளைந்த கான்கிரீட் கூரை எல்லாம் படம் பிடித்தார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, உங்க பக்கெட் வருது" என்றார்.
இளமதி காதைக் கடித்தாள்: "யக்கா, நம்ம கக்கூசுக்குப் போட்டோ. நமக்கு இல்ல பாரு."

ஏப்ரல் 17, பெரிய வியாழன்
லெட்டர் வந்துவிட்டது. பின்பக்கக் கழிப்பறையை மட்டும் காப்பாற்ற வேண்டும். மீதியை இடிக்கலாம்.

ஜூன் 9
இடித்தாகிவிட்டது. இளமதியோடு சேர்த்து ஆறு பேருக்கு வேலை போச்சு. எனக்கு மட்டும் உண்டு. கக்கூசைச் சுற்றி வேலி, முன்னால் போர்டு, பூட்டு. சாவி என் இடுப்பில். தினம் பெருக்கித் துடைக்கணும். யாரும் உபயோகிக்கக் கூடாது, நானும்தான். அவசரத்துக்குப் பெட்ரோல் பங்க் வரை நடக்கிறேன்.
காலையில் ஜெபத்தில் உட்கார்ந்து, வேலை தந்ததற்கு ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தேன். இளமதி முகம் வந்தது. ஆமென் சொல்லாமலே எழுந்துட்டேன்.