பயிற்சியாளர் வீட்டு வாசலில் நட்ட பலகைகள்

ஓட்டர் பெண்ட், நெப்ராஸ்கா
டிசம்பர், செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் எவரெட்டுக்கு,

சித்தப்பா ஆர்லோ ஆசி கூறி எழுதுவது. என் இடது முழங்காலை நீக்கிவிட்டுப் பார்த்தால் இங்கே நானும் உன் சித்தி டோரிஸும் சௌக்கியம். ஒரேகான் கடற்கரையில் மழை கொஞ்சம் ஓய்ந்து நீயும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபிக்கிறோம். அவள் தனியாக ஜெபிக்கிறாள், நான் தனியாக ஜெபிக்கிறேன், ஏனென்றால் சில வாரங்களாக அவள் என்னோடு பேசுவதில்லை. காரணம் பின்னால் வரும். உன் அப்பா போன பிறகு உன்னைத் தூக்கி வளர்த்த கைகளுக்கு இப்போது நடுக்கம் வந்துவிட்டது, எழுத்து ஆடினால் பொறுத்துக்கொள். ஆயுள் முழுக்க மாட்டு ஏலம் கூவிய தொண்டை மட்டும் அப்படியே இருக்கிறது, நான் தும்மினால் பக்கத்து மாவட்டத்தில் படுத்திருக்கும் மாடுகள் எழுந்து வரிசையில் நிற்கின்றன.

நீ கேட்டதற்கு வருகிறேன். நம் ஊர்க் கல்லூரி உன்னைக் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டிருக்கிறது, யாருக்கோ உதவியாளாகவே காலம் தள்ளும் உனக்கு இது பெரிய நாற்காலி, சொந்த ஊர் வேறு, வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், வரட்டுமா வேண்டாமா என்று எழுதியிருக்கிறாய். அந்த நாற்காலி ஏன் காலியானது என்று பேப்பரில் படித்திருப்பாய். பேப்பரில் புள்ளிக்கணக்கு சரியாகத்தான் போட்டிருந்தான், மனிதர்களைத்தான் விட்டுவிட்டான். அந்தக் குறையை நான் தீர்க்கிறேன், பிறகு நீயே முடிவு செய்.

நம் பரம எதிரி ஹேடன்வில்லோடு இந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். இந்த ஊரில் கிறிஸ்துமஸ் இரண்டாவது பண்டிகைதான், முதல் பண்டிகை எது என்று உனக்குத் தெரியும். கைக்குழந்தையிலிருந்து ஆக்ஸிஜன் குழாய் மாட்டிய கிழவர் வரை மைதானத்தில் இருந்தார்கள், கல்லறையில் இருப்பவர்களும் காதைக் கொடுத்துத் திரும்பிப் படுத்தார்கள் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கும்போது நம் பையன்கள் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடிக் கோட்டைத் தாண்டிச் சேர்த்துவிட்டார்கள், அப்படியும் ஒரு புள்ளி பின்னால். பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் ஒரு புள்ளி, சமம், கூடுதல் நேரம் ஆடலாம். உதைக்காமல் பந்தோடு இன்னொரு தடவை கோட்டுக்குள் பாய்ந்தால் இரண்டு புள்ளி, அந்த இடத்திலேயே வெற்றி, தடுத்துவிட்டால் அந்த இடத்திலேயே தோல்வி. இதை உனக்கே விளக்குகிறேனே என்று கோபிக்காதே. தோற்ற பிறகு பல் டாக்டர் லோவெல் எனக்கு இப்படித்தான் விளக்கினார், வாய் நிறையப் பஞ்சை அடைத்துவிட்டு அவர் யாருக்கும் எதையும் விளக்குவார், எதிர்க் கேள்வி வராது.

இன்னொன்றும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அக்டோபரில் இதே மாதிரி ஒரு கட்டத்தில் நம் பயிற்சியாளர் ராண்டல் பத்திரமாக உதைத்துச் சமன் செய்தான், கூடுதல் நேரத்தில் தோற்றான். அந்த வியாழக்கிழமை ரசிகர் மன்றக் காலைச் சாப்பாட்டில் அதன் தலைவரும் கார்க் கடை முதலாளியும் இந்தச் சமவெளியின் முடிசூடா மன்னருமான வெர்னான் ஸ்டக்கி, முட்டையைக் குத்திக்கொண்டே ராண்டலின் முகத்துக்கு நேராகச் சொன்னான், "உதைக்கிறதுக்கு எதுக்குய்யா ஒரு பயிற்சியாளர், ரெண்டு கழுதையைப் பிடிச்சுக் கட்டினா அதுங்க உதைக்காதா." எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஞாயிறு போதகர் ஆல்வின் தைரியத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்தார், கண் மட்டும் ராண்டல் உட்கார்ந்திருந்த வரிசையை விட்டு நகரவில்லை. ஆகவே ஹேடன்வில் ஆட்டத்தில் ராண்டல் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டியபோது மைதானமே எழுந்து நின்றது. வெர்னான் பக்கத்து இருக்கைக் கிழவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "இவன்தான்யா ஆம்பளை, நான் அப்பவே சொன்னேன்ல" என்று அலறினான். பையன் பந்தோடு பாய்ந்தான், ஹேடன்வில்லின் மாமிச மலைகள் இரண்டு அவன்மேல் விழுந்தன, பந்து கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் தரையைத் தொட்டது. ஒரு சாண், மகனே. உன் சித்தியின் பின்னல் ஊசி அதைவிட நீளம். கிழவியைப் பிடித்த கையை வெர்னான் இன்னும் விடவில்லை, அதே வாய், அதே மூச்சு, "உதைச்சுத் தொலைச்சிருக்கலாம்ல, மடையன்" என்றான். நம் ஊர் தானியக் குதிரில் காற்றுக்குத் திரும்பும் தகரச் சேவல் ஒன்று உண்டே, அது வெர்னானைப் பார்த்து வெட்கப்பட்டு அன்று அசையாமல் நின்றது.

ஜெயிக்கும் பயிற்சியாளருக்கு வெர்னான் தன் கடையிலிருந்து ஒரு காரை ஓட்டக் கொடுப்பான், கதவில் பயிற்சியாளரின் பெயரைப் பெரிதாக எழுதி. நான் என் பிக்கப் வண்டியை எடுக்கப் போனபோது ராண்டல் தலை ஈரம்கூடக் காயாமல், தோளில் பையோடு, அந்தக் காரை நிறுத்தியிருந்த காலி இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் குளித்து முடிப்பதற்குள் வெர்னானின் ஆள் மாற்றுச் சாவியோடு வந்து காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். கொள்ளைக்காரன்கூட ஆள் செத்தானா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவான். ஏறு என்றேன், ஏறினான். ஆலையைத் தாண்டியதும் அவனாகவே சொன்னான், "பசங்களுக்குக் கால் செத்துப்போச்சு ஆர்லோ அண்ணே. கூடுதல் நேரம்னா நின்ன இடத்துலயே சுருண்டிருப்பானுங்க. அவனுங்க கண்ணைப் பார்த்துதான் ரெண்டு விரலைத் தூக்கினேன். மறுபடி அதே நிலைமை வந்தா மறுபடியும் அதைத்தான் செய்வேன்." இதை ஊருக்குச் சொல்லேன்ப்பா என்றேன். "தோத்ததுக்குப் பசங்க காலைக் காரணம் காட்டச் சொல்றீங்களா" என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "என் படிக்கிற கண்ணாடியும் அந்தக் கார்லயே போயிருச்சு" என்றான்.

அவன் வீட்டு முன் வண்டியை நிறுத்தினால் புல்வெளி முழுக்கப் பலகை. விற்பனைக்கு, விற்பனைக்கு, விற்பனைக்கு. தோற்ற பயிற்சியாளரின் வாசலில், வீட்டை விற்றுவிட்டு ஊரைவிட்டுக் கிளம்பு என்று விற்பனைப் பலகை நடும் இந்த அழகான வழக்கத்தை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நம் ஊர்க் கொட்டகைகளில் பனி வாரும் மண்வெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை எப்போதும் தயாராக இருக்கும். ராண்டலின் மனைவி கேரல் திரையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். நான் ஒரு பலகையைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தேன், எவரெட், சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பின்னால் வெள்ளை ஒட்டுநாடா, அதில் மையால் பெயர். சர்ச் விருந்துக்குக் குழம்புச் சட்டி கொண்டுபோகும்போது திரும்பி வரட்டும் என்று அடியில் பெயர் ஒட்டுவார்களே, அந்தக் கைப்பழக்கத்தில் பலகையிலும் ஒட்டிவிட்டார்கள். ஒரு மனிதனை ஊரைவிட்டுத் துரத்தலாம், ஆனால் பலகை தொலைந்துவிடக் கூடாது. இப்படி ஒரு சிக்கனமான கும்பலை வேறெங்கே பார்ப்பாய்.

மறுநாள் ஞாயிறு. ஊர் முழுக்கச் சர்ச்சில் உட்கார்ந்து அன்பே பெரியது என்று பாடிக்கொண்டிருந்தபோது உன் சித்தப்பா எல்லாப் பலகைகளையும் பிக்கப்பில் ஏற்றி, பின்னால் இருந்த பெயரைப் படித்துப் படித்து, உரியவர் வாசலில் ஒவ்வொன்றாக நட்டான். பொருளை உரியவரிடம் சேர்ப்பதில் என்ன தவறு. மதியத்துக்குள் ஒரு வயதான தம்பதி பல் டாக்டர் வீட்டுக்குள் நுழைந்து சமையலறை அலமாரிகளைத் திறந்து பார்த்து, "இவ்வளவு சின்ன இடத்துல எப்படித்தான் குடித்தனம் பண்றீங்களோ" என்று அவரிடமே துக்கம் விசாரித்தார்கள். போதகரின் பலகை நட்ட சர்ச் வாசலுக்கு, இடத்தை வாங்க எதிர்த்தெரு சபைக்காரர்கள் அளவு நாடாவோடு வந்துவிட்டார்கள். வெர்னானின் மனைவி லொரெய்னுக்கு அவள் தங்கை போன் போட்டு வீட்டை விற்கிறீர்களாமே என்று கேட்க, அவள் பூட்ஸ்கூட மாட்டாமல் பனியில் ஓடி வந்து கார்க் கடை வாசலில் நின்று, "ஏய்யா, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா, எங்கம்மா கொடுத்த அலமாரியை எங்க கொண்டுபோய் வைப்பேன்" என்று கேட்ட கேள்வி கனடா எல்லை வரை கேட்டது. வெர்னான் திவாலாகிவிட்டான் என்று திங்கட்கிழமை பாதி மாவட்டம் வந்து காரைப் பாதி விலைக்குக் கேட்டது. அந்த வாரம் எனக்கு முழங்கால் வலியே இல்லை.

ஆனால் ராண்டலுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அதே திங்கட்கிழமை கல்லூரித் தலைவர் அவனைக் கூப்பிட்டு, கல்லூரி புதிய பாதையில் நடக்க விரும்புகிறது என்றாராம். இந்த ஊரில் இருப்பதே இரண்டு பாதை, ஒன்று தானியக் குதிருக்குப் போகிறது, இன்னொன்று கல்லறைக்கு. பெரிய கல்லூரி எதுவும் அவனைக் கூப்பிடவில்லை, ஒரு சாண் அவ்வளவு தூரம் கேட்டிருக்கிறது. கேரலின் ஊரான தெற்கு டகோட்டாவில் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியராகப் போயிருக்கிறான். பிள்ளைகளுக்குக் கார் ஓட்டவும் கற்றுக்கொடுக்கிறானாம். அந்தச் சாண் மட்டும் உள்ளே விழுந்திருந்தால் வெர்னான் தன் பேரனுக்கு ராண்டல் என்று பெயர் வைத்து, அவனுக்கு வெண்கலத்தில் சிலையும் வைத்து, சிலையின் நிழலில் கார் விற்றிருப்பான்.

போன சனிக்கிழமை அதே வெர்னான் நம் வீட்டுக்கு வந்தான், ஒரு கையில் ஆப்பிள் பை பலகாரம், இன்னொரு கையில் உன் எதிர்காலம். சித்தி கிண்ணத்தில் கறியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்தாள், தின்று முடித்து உதட்டைத் துடைத்துக்கொண்டு, "ஆர்லோ அண்ணே, பலகை விஷயமெல்லாம் நான் மறந்துட்டேன், பெருந்தன்மைன்னு ஒண்ணு இருக்குல்ல. நம்ம பையன் எவரெட்டை வரச் சொல்லுங்க. தைரியமான ஆள் வேணும் எங்களுக்கு" என்றான். எந்த மாதிரி தைரியம்ப்பா, தோற்ற தைரியமா ஜெயித்த தைரியமா என்று கேட்டேன். "வெளாடாதீங்கண்ணே, வாசல்ல வந்து பாருங்க" என்று இழுத்துக்கொண்டு போனான். வெளியே அந்தக் கார் நின்றது, நீ இன்னும் பதிலே சொல்லவில்லை, கதவில் உன் பெயர் எழுதியாகிவிட்டது. சாவியைக் கொடு, உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். இருக்கைக்கு முன்னால் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்தால் ராண்டலின் கண்ணாடி அப்படியே இருந்தது. இறங்கி அதை மாட்டிக்கொண்டு கதவருகே குனிந்தேன். சாய்ந்த வெயிலில் உன் பெயரின் வண்ணத்துக்கு அடியில் அவன் பெயர் எழுத்தெழுத்தாகத் தெரிந்தது. ஒரே பூச்சோடு முடித்துவிட்டான் கஞ்சன்.

வராதே என்று சொல்ல மாட்டேன், மகனே. நீ வந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று எழுத இந்தக் கைக்கு இப்போது வராது. வா, ஆனால் அந்தக் கதவை உள்ளபடி படித்துவிட்டு வா. வந்தால் பஸ்ஸில் வா, பிக்கப்போடு நான் நிற்பேன். வெர்னானின் காரை வெர்னானே ஓட்டட்டும். வீடு வாங்காதே, மாடி அறை இருக்கிறது. உதைப்பதா பாய்வதா என்ற கட்டம் உனக்கும் ஒரு நாள் வரும். அன்றைக்கு மேலே கூட்டத்தைப் பார்க்காதே, பையன்களின் காலைப் பார். பிறகு எது நடந்தாலும் நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

சித்தி கதைக்கு வருகிறேன். அந்த ஞாயிறு கடைசியாக ஒரு பலகை மிஞ்சியது, திருப்பினால் நம் வீட்டுக் கையெழுத்து, உருண்டை உருண்டையாக டோரிஸ் என்று. நியாயம் என்று ஒன்று இருக்கிறதே, நம் வாசலிலும் நட்டேன். தீவன வியாபாரி வந்து விலை கேட்டான், அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. நேற்று உன் கடிதத்தை நான் உரக்கப் படித்தேன், வரட்டுமா என்று நீ கேட்ட இடத்தில் அவள் எழுந்து கொட்டகைக்குப் போனாள். பலகையைக் கொண்டுவந்து கோடாரியால் பிளந்து அடுப்புக்குள் தள்ளினாள். ஒட்டுநாடா சுருண்டு கருகும் வரை நின்று பார்த்துவிட்டு, "மாடிக்குப் புதுப் போர்வை வாங்கணும்" என்றாள், சுவரிடமா என்னிடமா தெரியவில்லை, எனக்கு என்று எடுத்துக்கொண்டேன். ஆக ஊரில் ஒரு பலகை குறைந்திருக்கிறது. மற்றதெல்லாம் துடைத்து அவரவர் கொட்டகையில் பத்திரமாக இருக்கிறது, பெயரோடு.

கடவுள் உன் நெஞ்சையும் உன் பையன்களின் கால்களையும் காக்கட்டும். வெள்ளிக்கிழமை பதில் சொல்வதற்கு முன்னால் ராண்டலுக்கு ஒரு போன் போடு, மறக்காதே. கண்ணாடியைத் தபாலில் அனுப்பிவிட்டேன் என்றும் சொல்.

இப்படிக்கு,
மாடுகள் இன்றும் மதிக்கும் ஏலக்காரன்,
உன் சித்தப்பா ஆர்லோ